இரண்டு பேரின் வேகம்

எட்டு மணிச் சங்கு ஊதும்போது சோக்கு கம்பெனி வாசலில் எப்போதும் நாலைந்து பெண்கள் ஓடி வந்துகொண்டிருப்பார்கள். குன்றத்தூர் பஸ் தாமதம், பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். அன்று ஒருத்தியும் ஓடி வரவில்லை. சங்குக்கு முன்பே முப்பது பேரும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அவரவர் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று வாட்ச் பிடிக்கிற நாள்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், நேற்றுவரை வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த கழனியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு அந்தக் கம்பெனியைக் கட்டியிருந்தார்கள். டியூப் லைட்டுக்கு மாட்டும் சோக்கு அங்கே தயாரானது. சோக்கின் உயிர் அதற்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருள். அதற்குக் காயில் என்று பெயர். நூல் கனத்துக் கம்பியை ஒரு சின்ன மோட்டார் மெஷினில் அடுக்கடுக்காகச் சுற்றி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் காகிதம் வைத்து முடிப்பது பெண்களின் வேலை. ஒரு காயில் சுற்ற எவ்வளவு நேரமாகிறது என்று வாட்சில் பார்த்து, ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை சுற்ற வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்யும். அந்த எண்ணிக்கைக்கு நார்ம் என்று பெயர். பர்மனென்ட் ஆனவர்கள் நார்மைத் தொடாவிட்டால் திட்டு விழும். ஆகாதவர்கள் தொடாவிட்டால் வேலையே போய்விடும்.

வாட்ச் பிடிக்க வேண்டியவன் யேசுராஜ். பாலிடெக்னிக் முடித்த பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நேரம் அளக்கிற வேலையைக் கற்றுக்கொண்டு வர கம்பெனியே அவனை மெட்ராசுக்கு அனுப்பியிருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப்வாட்ச் தொங்க அவன் ஷெட்டுக்குள் நுழைந்ததும், "உத்தரியம் போட்டுகினு சாமியார் வராரு பாரு" என்று லீலா கிசுகிசுத்தாள். மாதா கோயில்காரர்கள் கழுத்தில் கயிற்றில் தொங்கவிடும் துணிப் படத்துக்குத்தான் உத்தரியம் என்று பேர். லீலாவுக்குக் கையும் வேகம், வாயும் வேகம். பக்கத்து மெஷினில் இருந்த சகாயமேரி அவள் தொடையில் கிள்ளினாள். சகாயமேரி யேசுராஜின் அக்காள். ஓவர்டைம் பார்த்து அவனைப் படிக்க வைத்தவள் அவள்தான். அன்று அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டதும் அவள்தான்.

அதற்குச் சற்று முன்னால் மேனேஜர் பாண்டுரங்கனின் அறையில் ஒரு பேச்சு நடந்திருந்தது.

"யேசுராஜ், சாயங்காலம் ஹெட் ஆபீசுக்கு வேன் போறது. நார்ம் அதுல போயிடணும்ப்பா."

"சார், கோர்ஸ்ல வேற மாதிரி சொன்னாங்க. வேகமா செய்றவங்க, மெதுவா செய்றவங்க எல்லாரும் கலந்து இருக்கணும். காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். ஒரு வாரம் பத்து நாளாவது எடுக்கணும்னு."

"பத்து நாளா? அதுக்குள்ள ஹெட் ஆபீஸ்ல என்னை எடுத்துடுவாங்க. நல்லா வேலை தெரிஞ்ச ரெண்டு பேரைப் புடி. ஆளுக்கு அஞ்சு காயில். கூட்டி வகுத்தா சராசரி வந்துடப் போறது. இதுக்கு மேல என்ன இருக்கு?"

இதற்கு மேல் நிறைய இருக்கிறது என்று யேசுராஜுக்குத் தெரியும். மெட்ராசில் பாடம் சொன்னவர் கரும்பலகையில் எழுதிப் போட்டதெல்லாம் அவன் மண்டைக்குள் இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற இடத்தில் கொஞ்சம் பார்த்தால் போதும், ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறுகிற இடத்தில் நிறையப் பார்க்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு மாத உத்தியோகக்காரனுக்கு வாய் எங்கே வரும்? "சரி சார்" என்றான். தெரியாதவன் செய்கிற தப்பைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். தெரிந்தவன் சரி சார் போட்டுக்கொண்டு செய்கிற தப்பு இருக்கிறதே, ஊரைக் கெடுப்பது அதுதான்.

எந்த இரண்டு பேர் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. முந்தின நாள் சோறு போடும்போதே சகாயமேரி சொல்லியிருந்தாள்: "டேய் ராசு, எங்கிட்டயே வந்து வாட்ச் புடி. லீலாவையும் எடுத்துக்க. மேனேஜரு வாயப் பொளக்கணும், அப்டி சுத்திக் காட்றோம்."

அக்காளும் தம்பியும் மட்டும் இப்படி நினைக்கவில்லை. அந்த ஷெட்டே அப்படித்தான் நினைத்தது. நம்ம சகாயத்தின் தம்பி, நம்ம கண்ணெதிரே வளர்ந்த பையன், முதல் தடவை வாட்ச் பிடிக்கிறான், அவன் பேர் எடுக்க வேண்டாமா? ஒருத்தி சகாயமேரியின் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். இன்னொருத்தி இரண்டு பேருக்கும் வேண்டிய காகிதத்தை அளவாக வெட்டி அடுக்கினாள். கடைசி வரிசையில் இருந்து கோவிந்தம்மா எழுந்து வந்தாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, நாற்பது வயது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று காலை ஸ்டோரில் கொடுத்ததில் லீலாவுக்கும் அவளுக்கும்தான் நல்ல கம்பி வந்திருந்தது.

"இந்தா சகாயம், இத மாட்டிக்க. உன்னுது மழையில நனைஞ்ச சரக்கு, அறுந்து அறுந்து பூடும். நடுவுல அறுந்துச்சுன்னா புள்ளைக்கு அசிங்கம்."

"அப்ப உனுக்கு?"

"உன்னுத குடு. என்னை யாரு வாட்ச் புடிக்கப் போறாங்க?"

நம் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு நாற்காலியும் எதிர் வீட்டு எவர்சில்வர் தட்டும் அந்த வீட்டுக்கு வந்துவிடும். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை, ஒத்தாசை என்றுதான் நினைப்பார்கள். வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனதும் நாற்காலி அதன் வீட்டுக்குத் திரும்பிவிடும். அந்தப் பெண்களும் அந்தப் பழக்கத்தில்தான் செய்தார்கள். ஆனால் நார்ம் பார்த்துவிட்டுப் போய்விடுகிற விருந்தாளி அல்ல, வந்தால் வீட்டோடு தங்கிவிடும். அது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். கோவிந்தம்மா கம்பியை மாற்றிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். தனக்கு இவ்வளவு மரியாதையா என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனான்.

சகாயமேரியும் லீலாவும் அன்று சுற்றினார்களே, அது காயில் சுற்றின மாதிரியே இல்லை. எச்சில் விழுங்கக்கூட நிற்காமல் ஆளுக்கு ஐந்து முடித்தார்கள். கம்பி ஒரு தடவை கூட அறவில்லை. பத்து காயிலின் நேரமும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, இரண்டு மூன்று விநாடிதான் வித்தியாசம். யேசுராஜுக்கு லேசாக உறுத்திய மனசு அதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இத்தனை நெருக்கமாக வருகிறதென்றால் கணக்கு சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நெருக்கமாக வந்ததற்குக் காரணம் வேறு. ஒரே காலை வேளை, ஒரே நல்ல கம்பி, ஒருத்திக்கு ஒருத்தி சளைக்காத இரண்டு கைகாரிகள். மாறுகிற எதையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு அளந்தால் அளவு நெருக்கமாக வராமல் என்ன செய்யும்?

சாயங்கால வேனில் நார்ம் போனது. ஒரு நாளைக்கு நூற்றி நாற்பது. அதுவரை அந்த ஷெட்டில் நல்லாச் செய்கிறவளே நூறு பக்கம்தான் செய்துகொண்டிருந்தாள். பாண்டுரங்கன் யேசுராஜின் தோளைத் தட்டி, "ஹெட் ஆபீஸ்ல உன் பேரைச் சொல்லியிருக்கேன்" என்றார். அன்று ராத்திரி சகாயமேரி வீட்டில் முட்டைக் குழம்பு வைத்தாள்.

நூற்றி நாற்பது என்று சுவரில் பெயிண்டால் எழுதினார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனியன்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். பன்னிரண்டு மணிக்கு மேல் சுற்றுவட்டாரக் கழனிகளில் பம்புசெட்டுகளைப் போட்டுவிடுவார்கள். கரண்ட் இறங்கிவிடும். மெஷின் மோட்டார் கிழவி இருமுகிற மாதிரி இழுத்து இழுத்து ஓடும். கம்பி நல்லதாக வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. அறுந்தால் மெஷினை நிறுத்தி, கம்பியைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டி, மறுபடி ஓட்ட வேண்டும். ஒரே பெண் ஒரு நாள் நூற்றிப் பத்து செய்வாள், மறுநாள் எழுபதில் நின்று அழுவாள். இதில் எது அவள் வேகம்? இரண்டும் சேர்ந்ததுதான் அவள் வேகம். அந்த எழுபதை யேசுராஜின் வாட்ச் பார்த்ததே இல்லை.

பெண்கள் முதலில் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தார்கள். பிறகு பேச்சைக் குறைத்தார்கள். அப்புறம் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். தண்ணீர் குடித்தால் பின்பக்கம் போய் வர வேண்டும், போய் வந்தால் இரண்டு காயில் போச்சு. அடிவயிற்றில் வலியும் காய்ச்சலுமாக ஒருத்தி மாற்றி ஒருத்தி லீவு போட ஆரம்பித்தாள். பாண்டுரங்கன் தினமும் ஒரு தடவை ஷெட்டின் நடுவில் வந்து நின்று ஒரே வசனத்தைச் சொல்லுவார்: "ரெண்டு பேரால முடியறது, உங்களால மட்டும் ஏன் முடியல? அவங்களுக்கு என்ன நாலு கையா?"

அந்த இரண்டு பேராலும் முடியவில்லை என்பதுதான் கூத்து. லீலா வாரத்தில் ஒரு நாள் தொட்டாள். சகாயமேரியின் வலது மணிக்கட்டு வீங்கிப்போய்த் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். தம்பியின் கணக்கு பொய்யாகிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

கோவிந்தம்மாவின் பாடுதான் பெரும்பாடு. அவள் புருஷன் மாரி செங்கல் லாரியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவன். கட்டு போட்டது சரியாகச் சேரவில்லை. உள்ளே கம்பி வைத்துச் சேர்க்க வேண்டும், தீபாவளிக்குள் செய்தால் நடப்பான், தாமதித்தால் எலும்பு கோணலாகவே கூடிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை இலவசம், கம்பிக்கு வெளியே பணம் கட்ட வேண்டும். பணத்துக்கு அவள் எங்கே போவாள்? பர்மனென்ட் ஆனால் ஈ.எஸ்.ஐ. கார்டு கொடுப்பார்கள், கார்டு இருந்தால் எல்லாமே இலவசம். பர்மனென்ட் ஆக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தைத் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

அவளால் தாண்ட முடியவில்லை. கடைசி வரிசையில் இருந்த அவளுடைய மெஷினுக்குத்தான் கரண்ட் எல்லோருக்கும் குறைவாக வரும். சகாயமேரி யாருக்கும் தெரியாமல் தன்னுடைய காயிலில் நாலைந்தை அவள் தட்டில் போட்டுப் பார்த்தாள். அதுவும் எத்தனை நாளைக்கு முடியும்?

யேசுராஜ் இதையெல்லாம் பார்க்கவில்லையா என்றால், பார்த்தான். பார்த்ததால்தான் கடைசி வரிசைப் பக்கம் போவதையே விட்டான். டீ குடிக்கப் போகும்போது சுற்றிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவன், தன் முறை வரும்போது காலணியைத் தேடுகிற மாதிரி வெளியே வந்துவிட்டான். என்னவென்று சொல்வது? திருடவில்லை, அடிக்கவில்லை. பத்து எண்ணைக் கூட்டிப் பத்தால் வகுத்தேன் சாமி என்று சொன்னால் பாதிரியாருக்கு என்ன புரியும்?

ஆவணி பிறந்த வாரத்தில் கோவிந்தம்மாவை நிறுத்தினார்கள். இன்னும் சில நாளில் பர்மனென்ட் ஆக வேண்டியவள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது கேட்டருகே யேசுராஜ் எதிர்ப்பட்டுவிட்டான். திரும்பி ஓட இடமில்லை. திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"தம்பி, கோச்சுக்காத," என்றாள் கோவிந்தம்மா. "மத்தவங்கல்லாம் நல்லா செய்றாங்கோ. எனக்குத்தான் கை வரல. உன் கணக்க நான் கெடுத்துட்டேன். மேனேஜரு உன்னை ஏதாவது சொன்னாரா?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் பக்கம் நடந்து போய்விட்டாள். அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். சகாயமேரி வீங்கின கையில் தைலம் தேய்த்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"கோவிந்தம்மாக்கா எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சுக்கா," என்றான்.

"கேக்கும். அது மனசு அப்டி." தைலத்தை மூடி வைத்தாள். "ராசு, ஒண்ணு சொல்றேன் கேளு. அன்னைக்கு நான் காட்டினது என் வேகம் இல்லடா. உனுக்காக ஓடின ஓட்டம். ஒரு நாள் ஓடலாம். தெனம் ஓட முடியுமா? நானே எத்தினி நாளு நூத்தி நாப்பது தொட்டுகீறேன்னு நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துகினே கம்முனு கீறியே. எனக்கும்தான் பாவம். தம்பி பேரு வாங்கட்டும்னு ஓடினேன், அது அந்தப் பொம்பள கழுத்துல வந்து நிக்குது. நான் ஓடத் தெரிஞ்சவ, அவ்ளோதான். நீ படிச்சவன். ரெண்டு பேர வச்சி எல்லாரையும் அளக்கலாம்னு உங்க படிப்புல கீதா?"

இல்லை என்று யேசுராஜ் தலையை ஆட்டினான். அந்த ராத்திரி அவன் சாப்பிடவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் பாண்டுரங்கனிடம் போனான். "சார், நார்ம் தப்பு. மறுபடி எடுக்கணும்."

"என்ன தப்பு? பத்து ரீடிங்கும் அச்சடிச்ச மாதிரி வந்ததே."

"அப்படி வர்ற மாதிரிதான் சார் நான் ஆளையும் நேரத்தையும் பொறுக்கினேன்."

பாண்டுரங்கன் பேனாவை மூடினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "இதோ பாருப்பா. ஹெட் ஆபீசுக்கு அனுப்பியாச்சு. இப்ப தப்புன்னா என் தலையும் உருளும், உன் தலையும் உருளும். நீ ப்ரொபேஷன்ல இருக்கே. போய் வேலையைப் பாரு."

யேசுராஜ் போய் வேலையைப் பார்த்தான். ஆமாம், வெட்கக்கேடுதான். ஆவணி போய்ப் புரட்டாசியும் முக்கால்வாசி போயிற்று. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவான், சாயங்காலம் நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்புவான். பிள்ளைப்பாக்கத்து வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினான். அந்த நாட்களெல்லாம் மாரியின் எலும்புக்குச் சொந்தமான நாட்கள் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

நியாயம் கேட்டு யாரும் வரவில்லை. நஷ்டம் வந்தது. அவசரத்தில் சுற்றிய காயில்கள் கடைக்குப் போய் ஒரு மாதத்தில் கருகின. மெட்ராசிலிருந்து சோக்குகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. பின்னாலேயே தலைமை அலுவலகத்து இன்ஜினியர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். ஷெட்டில் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் பாண்டுரங்கன் அவரிடம், "பொம்பளைங்களுக்கு அக்கறை இல்ல சார், அதான் காரணம்" என்றார்.

சகாயமேரி மெஷினை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"சார்," என்றான் யேசுராஜ். "அவங்க மேல தப்பு இல்ல. நார்ம் தப்பு. போட்டது நான்."

இன்ஜினியர் திரும்பினார். "எத்தனை பேர்கிட்ட எடுத்தே?"

"ரெண்டு பேர். மொத்தம் பத்து காயில். ஒரே காலையில."

"யாரு அந்த ரெண்டு பேர்?"

"ஒருத்தவங்க எங்க அக்கா. ரெண்டு பேருமே இங்க எல்லாரையும்விட வேகம். மத்தவங்க எல்லாம் சேர்ந்து அவங்களுக்கு நல்ல கம்பியா பாத்துக் குடுத்தாங்க. அதையும் நான் பாத்தேன். பாத்துட்டு எழுதினேன்."

ஷெட்டில் ஒரு மெஷினும் ஓடவில்லை. பாண்டுரங்கன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இங்க கம்பி ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வருது. கரண்ட் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. ஆளுக்கு ஆள் கை வேற. இவ்வளவு மாறுற இடத்துல பத்து காயில் எதையும் சொல்லாது சார். எல்லார்கிட்டயும், எல்லா வேளையும், எந்தக் கம்பி வருதோ அந்தக் கம்பியில நிறைய எடுக்கணும். கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. தெரிஞ்சேதான் விட்டேன்."

இன்ஜினியர் நல்லவரா கெட்டவரா என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். திரும்பி வந்த மூட்டைகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மறுபடி அளக்கச் சொன்னார். யேசுராஜின் ப்ரொபேஷனை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டுப் போனார்.

மறுபடி வாட்சோடு வந்தான் யேசுராஜ். இந்தத் தடவை யாரும் உத்தரியம் என்று கேலி பேசவில்லை. மெதுவாகச் செய்தால் கோவிந்தம்மா மாதிரி வெளியே போக வேண்டுமோ என்ற பயத்தில், அவன் எந்த மெஷின் அருகே நின்றாலும் அந்தப் பெண் பேய் பிடித்த மாதிரி ஓட்டினாள். வருகிற எண் எல்லாம் மறுபடி பொய்யாக இருந்தது. அவன் என்ன சொல்லியும் யாரும் நம்பவில்லை. நம்புகிற மாதிரி அவன் எதைச் செய்திருந்தான்?

சகாயமேரிதான் எழுந்து நின்றாள். "யாரும் ஓடாதீங்கடி. அன்னைக்கு நான் ஓடினதால வந்த வினை இது. மொதல்ல என்னை அளக்கட்டும். எப்பவும் போல செய்றேன்." உட்கார்ந்தாள். சுற்றினாள். கம்பி அறுந்தது. அவசரப்படாமல் சுரண்டி ஒட்டினாள். நடுவில் எழுந்து போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கம்பெனியிலேயே வேகக்காரி என்று பேர் வாங்கியவள், எல்லோருக்கும் முன்னால் சாதாரண மனுஷியாக உட்கார்ந்து காட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களின் தோள் இறங்கியது.

எண்கள் இப்போது தாறுமாறாக வந்தன. ஒரு காயில் மூன்று நிமிஷம், அடுத்தது ஏழு. முதல் நாள் எடுத்த சராசரி ஒன்று சொன்னது, இரண்டாம் நாள் அதையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று சொன்னது. யேசுராஜ் பயப்படவில்லை. காலை, மதியம், சாயங்காலம், முதல் வரிசை, கடைசி வரிசை, நனைந்த கம்பி, நல்ல கம்பி என்று எடுத்துக்கொண்டே போனான். எடுக்க எடுக்கச் சராசரியின் துள்ளல் அடங்கியது. இரண்டாவது வாரக் கடைசியில் எத்தனை காயிலைப் புதிதாகச் சேர்த்தாலும் அது பெரிதாக அசையவில்லை. நாளைக்குத் தொண்ணூற்றைந்து காயில் என்ற கணக்கில் நின்றது. பழைய நார்முக்கும் இதற்கும் நடுவில் இருந்த நாற்பத்தைந்தை அவன் தனியாக எழுதி வட்டமிட்டான். அத்தனையையும் முப்பது பெண்களின் உடம்பிலிருந்துதான் கம்பெனி உருவிக்கொண்டிருந்தது.

கோவிந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆனால் புதிதாகச் சேருகிற ஆளாகத்தான் வரலாம், ஆறு மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்றார்கள். யேசுராஜ் எவ்வளவோ கேட்டுப் பார்த்தும் அதை மாற்றவில்லை. அதற்குள் தீபாவளி போய்விட்டது.

சேதியைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பிள்ளைப்பாக்கம் போனான். அடுப்பருகே நெல் அவித்துக்கொண்டிருந்த கோவிந்தம்மா அவனைப் பார்த்ததும் எழுந்து, "வா தம்பி" என்றாள். உள்ளே இருந்த மாரி, "சகாயத்தோட தம்பியா? ஒக்காரு ஒக்காரு" என்று சொல்லிக்கொண்டே தானே தண்ணீர் எடுத்து வந்தான். வேண்டாம் என்று யேசுராஜ் பதறியும் கேட்கவில்லை. கம்பை ஊன்றி அவன் வைத்த ஒவ்வொரு எட்டுக்கும் இடது கால் வெளிப்பக்கமாக வளைந்து தரையை இழுத்தது. எலும்பு கூடிவிட்டது. கோணலாகக் கூடிவிட்டது. சொம்புத் தண்ணீரில் பாதி வழியில் சிந்தியது.

யேசுராஜ் சொம்பை வாங்கிக்கொண்டான். குடிக்க முடியவில்லை. வேலைச் சேதியைச் சொன்னான். பிறகு, அன்று ஷெட்டில் இன்ஜினியரிடம் சொன்னதை எல்லாம் அவளிடமும் சொன்னான்.

கோவிந்தம்மா அவிந்த நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.

"எனுக்குக் கை வரலன்னு நெனச்சிகினு இருந்தேன் தம்பி," என்றாள் கடைசியில். "இந்த மூணு மாசமா என்னையே நான் திட்டிகினு இருந்தேன். அன்னைக்கு ஒரு தபா, ஒரே ஒரு தபா, என் மெஷினாண்டயும் வந்து நின்னுருக்கக் கூடாதா நீ?"

அவள் குரலை உயர்த்தவில்லை. யேசுராஜுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நிக்கணும்க்கா. நின்னிருக்கணும். ரெண்டு பேரைப் பாத்துட்டு எல்லாரையும் பாத்துட்டேன்னு எழுதிக் குடுத்தேன். அது கணக்கு இல்ல, பொய். பல பேர் பொழப்பைத் தீர்மானிக்கிற அளவை எடுக்கிறவன் பல பேரையும் பாக்கணும். முடியாதவங்க, கஷ்டப்படறவங்களை முதல்ல பாக்கணும். அவங்களை விட்டுட்டு எடுத்த சராசரி, அவங்க தலையிலதான் போய் விழும். இது எனக்குப் படிக்கும்போதே தெரியும். உங்க வீட்டுக்காரர் நடக்கறதைப் பாத்த பிறகுதான் புரியுது."

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்?" என்றாள் கோவிந்தம்மா, அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துக்கொண்டே. "எங்க வூட்டுக்காரரு காலு இனிமே நேராவப் போறதில்ல. உனுக்கு அப்பால எவனாவது வாட்ச மாட்டிகினு வருவான் இல்ல, அவனாண்ட சொல்லு. அவன் கேக்கற வரைக்கும் வுடாம சொல்லு."